மான் வந்து தின்ன வேண்டிய தோட்டம்

1

யாழ்ப்பாணத்தில் இருக்கும் என் தங்கை வசந்தி போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் என்னைப் பிடித்துக்கொண்டாள். சுகம் கேட்கவில்லை, பனி கொட்டத் தொடங்கிவிட்டதா என்றும் கேட்கவில்லை. எடுத்த எடுப்பிலேயே கேள்விதான்.

"அண்ணை, உண்மையே? நீங்கள் அங்க மானுக்குத் தோட்டம் செய்யிறியளாம்?"

"ஓம்."

"மான் வளர்க்கிறியளோ?"

"இல்லை. அது காட்டு மான். தன்ர பாட்டில திரியிறது."

"அப்ப அது களவா வந்து தின்னுதோ?"

"இல்லையடி. அது வந்து தின்ன வேணும் எண்டுதான் விதைச்சனான்."

அவள் குரலைத் தாழ்த்தி, "அண்ணி பக்கத்தில நிக்கிறாவோ? அவவிட்ட ஒருக்காக் குடுங்கோ" என்றாள். எனக்கு விசர் பிடித்துவிட்டதா இல்லையா என்பதை என் மனைவி புவனத்திடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டுமாம். புவனம் தொலைபேசியை வாங்கி, "ஓம் வசந்தி, முத்தித்தான் போச்சு" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள்.

இந்தச் செய்தி இதற்குள் ஊரில் எங்கள் ஒழுங்கை முழுக்க, வீட்டுக்கு வீடு பரவியிருக்கும். பாதிக் கதையாகப் பரவுவதைவிட முழுக்கதையையும் நானே எழுதிவிடுவது நல்லது. கதையில் நான் மடையனாகும் இடம் ஒன்று இருக்கிறது. அதையும் மறைக்கப் போவதில்லை, ஏனென்றால் நான் மறைத்தாலும் புவனம் சொல்லிவிடுவாள்.

2

நான் மொன்றியலில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறேன். வந்த புதிதில் பார்க் எக்ஸ்டென்ஷனில் மூன்றாம் மாடியில் இருந்தோம். இப்போது ஆற்றுக்கு அக்கரையில் புரோசார்டில் சொந்த வீடு. பள்ளிக்கூடம் மூடினால் பஸ்ஸுக்கும் விடுமுறை, எனக்கும் விடுமுறை. கோடை முழுவதும் கையைக் கட்டிக்கொண்டு வீட்டில் இருந்தால் எனக்கும் புவனத்துக்கும் ஒத்துவராது. ஆகையால் சில வருடங்களுக்கு முன் ஒரு சிநேகிதர் ஆசை காட்டியபோது, அமெரிக்க எல்லைப் பக்கமாக ஒரு காணித்துண்டை வாங்கினேன். பாதி காடு, பாதி வெளி. ஒரு சிறு வீடு கட்டி, கோடையில் போய் இருக்கலாம் என்பது திட்டம்.

வாங்கிய பிறகுதான் உள்ளூராட்சி அலுவலகத்துக்குப் போனேன். எல்லாரும் முதலில் செய்வதை நான் கடைசியில் செய்வேன், அது என் சுபாவம். அங்கிருந்த பெண் வரைபடத்தை விரித்து, பச்சை நிறத்தைக் காட்டினாள். விவசாய வலயம், வீடு கட்ட முடியாது. சின்ன வீடு? முடியாது. மிகச் சின்ன வீடு? அதுவும் முடியாது. எனது உடைந்த பிரெஞ்சில், "அப்படியானால் இந்தக் காணியில் நான் என்னதான் செய்யலாம்?" என்று கேட்டேன். "எதையாவது விளைவிக்கலாம், மிஸியு" என்று சிரித்தபடி சொன்னாள். கோபத்தில் அந்தப் பக்கமே போகாமல் விட்டுவிட்டேன். புல் இடுப்பளவு வளர்ந்தது.

இனி என் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அபிராமி எங்களுக்கு ஒரே பிள்ளை. ஆஸ்பத்திரி ஒன்றில் உடற்பயிற்சிச் சிகிச்சை செய்கிறாள். வேலைக்குக் கிட்ட என்று கோட்-டெ-நெய்ஜில் தனியாக இருக்கிறாள். பாலத்தைக் கடந்தால் எங்கள் வீடு. ஆனால் மாதத்தில் ஒரு ஞாயிறு வந்தால் பெரிய விஷயம். வந்தாலும் என்ன? சாப்பிட்டாயா என்றால் "ஓம்". வேலை எப்படி என்றால் "சா வா", பரவாயில்லையாம். நான் ஒரு மணி நேரம் கதைத்தால் அவள் ஒரு நிமிடம் கதைப்பாள். அந்த ஒரு நிமிடத்திலும் பாதி பிரெஞ்சு.

அப்படிப்பட்டவள் போன வருடக் கடைசியில் ஒரு ஞாயிறு, சோற்றைப் பிசைந்தபடி, தான் மான் வேட்டைக்குப் போய்வந்ததாகச் சொன்னாள். வேலைத்தலத்துச் சிநேகிதர்களோடு மேற்கே தூரத்தில் இருக்கும் ஊத்தவே காட்டுப் பக்கம் போனாளாம். வகுப்புக்குப் போய்ச் சோதனை எழுதி, அனுமதிப்பத்திரமும் எடுத்து வைத்திருக்கிறாள். எங்களுக்கு எதுவுமே தெரியாது.

புவனம் அகப்பையைக் கீழே வைத்தாள். "துவக்குச் சத்தத்துக்குப் பயந்துதானே எல்லாத்தையும் விட்டுட்டு இஞ்ச ஓடி வந்தனாங்கள். இப்ப நீயே துவக்குத் தூக்குறியோ?"

"அம்மா, இது வேற" என்றாள் அபி. அதற்கு மேல் அவளிடம் தமிழ் இருக்கவில்லை. 

நான் நிலைமையைச் சமாளிக்க, "அப்ப மான் கிடைச்சதோ?" என்று கேட்டு வைத்தேன். அவ்வளவுதான். மடை திறந்துவிட்டது. மான் எந்த நேரம் வெளியே வரும், காற்று எந்தப் பக்கம் அடித்தால் மோப்பம் பிடிக்கும், பெண் மானுக்குப் பின்னால் ஆண் மான் எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்று பாதித் தமிழ், பாதி பிரெஞ்சு, மீதிக்குக் கைச்சைகையாகக் கதைத்தாள். சோறு கையில் காய்ந்து போனது. என் பிள்ளை என்னோடு இவ்வளவு கதைத்து எத்தனையோ வருடமாகிவிட்டது. நான் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"எங்கட காணியில மான் இல்லையோ?" என்று கேட்டேன்.

"இருக்கும் அப்பா. ஆனா தின்ன ஒண்டும் இல்லை. நிக்காது, போயிடும்."

"தின்ன வைச்சா?"

அவள் யோசித்தாள். "மான் வந்து நிண்டா, வாற வேட்டைக் காலம், நவம்பர் முழுக்க நான் அங்கயே வருவன். வராட்டி ஊத்தவேக்குத்தான் போவன். செப்டெம்பர் கடைசிக்குள்ள அந்தச் சிநேகிதருக்குப் பதில் சொல்ல வேணும்."

நவம்பர் முழுக்க! நான் அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை: மானுக்கு என்று சொல்லி மகளுக்காகத்தான் விதைக்கப் போகிறேன் என்பது எனக்கும் தெரியும், புவனத்துக்கும் தெரியும்.

3

மானுக்கு என்ன விதைப்பது? வசந்தி, நீ சிரிக்காதே, இது பெரிய படிப்பு.

எங்கள் காணிக்குப் பக்கத்துக் காணிக்காரர் றெஜான். முன்பு மாட்டுப்பண்ணை வைத்திருந்தவர், இப்போது ஓய்வு. உழவு இயந்திரத்தை மட்டும் விற்காமல் வைத்திருக்கிறார், அதை ஓட்ட ஒரு காரணம் கிடைத்தால் சந்தோஷப்படுவார். அவரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "உனக்கு மான் எந்த மாதம் வேண்டும்?" என்பது.

அதுதான் முழுச் சூத்திரமும். கோடையில் மானுக்குக் குட்டி இருக்கும், கொம்பு வளரும், அப்போது அது அவரை, குளோவர் என்ற மூவிலைத் தீவனம் போன்ற சத்துள்ள இலைகளைத் தேடும். குளிர் வரும்போது கொழுப்புச் சேர்க்க வேண்டும், அப்போது கிழங்கும் தானியமும் தேடும். காடு எல்லாம் காய்ந்து போன நவம்பரில் எது பச்சையாக நிற்கிறதோ அங்கேதான் மான் நிற்கும். தீனியைக் குவித்துப் போடும் ஆட்களும் உண்டு, ஆனால் அதனால் நோய் பரவுகிறது என்று சில இடங்களில் தடை இருக்கிறதாம். நிலத்தில் விளைவதைத் தின்பது அப்படியில்லை.

முதலில் மண்ணைச் சோதனைக்கு அனுப்பினோம். புளிப்பு மண் என்று பதில் வந்தது. சுண்ணாம்பு போடாவிட்டால் குளோவர் தலை காட்டாது என்றார் றெஜான். யாழ்ப்பாணத்தில் எங்கே தோண்டினாலும் அலவாங்கு சுண்ணாம்புக் கல்லில்தான் முட்டும். கிணறு வெட்ட வெடி வைத்த ஊர்க்காரன் நான், இங்கே மூட்டை மூட்டையாகச் சுண்ணாம்பு வாங்கி மண்ணில் கொட்டினேன். உழவு இயந்திரத்துக்குப் பின்னால் வெள்ளைப் புழுதி எழும்பியபோது கை தட்டினேன். றெஜான் திரும்பிப் பார்த்துத் தொப்பியைத் தூக்கினார்.

விதைக் கடையில் ஒரு கூத்து. மானுக்கு விதை வேண்டும் என்று கேட்டேன். கடைப்பெண் என் முகத்தைப் பார்த்தாள், ஓடிப்போய் ஒரு போத்தல் கொண்டுவந்தாள். தோட்டத்துக்கு மான் வராமல் தெளிக்கும் மருந்து. நம் ஆட்கள் அந்தக் கடைக்குப் போவதே கத்தரியையும் மிளகாயையும் காப்பாற்றத்தான். "வராமல் இருக்க இல்லை, வருவதற்கு" என்றேன். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. "நீங்கள் வேட்டைக்காரரா?" என்று கேட்டாள். "இல்லை, வேட்டைக்காரியின் அப்பா" என்றேன். அதைச் சொன்னபோது எனக்கு வந்த பெருமையை நானே எதிர்பார்க்கவில்லை.

கடைசியில் முடிவானது இது. ஊர்க் கணக்கில் எட்டுப் பரப்பு, அதாவது அரை ஏக்கர். காட்டு ஓரமாகப் பாதிக்கு வெள்ளைக் குளோவரும் ஓட்சும். மற்றப் பாதியின் ஒரு துண்டில் கோடைக்கு அவரை இனம் ஏதாவது, மீதியில் ஜூலைக் கடைசியில் டேர்னிப் கிழங்கும் முள்ளங்கியும். டேர்னிப் இலை முதல் உறைபனி விழுந்த பிறகுதான் இனிக்கத் தொடங்குமாம், மான் அதுவரை காத்திருக்குமாம். முள்ளங்கி என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. நாங்கள் குழம்பு வைப்பதை மான் தின்னுமா? அப்படியானால் அவரை இனத்துக் கௌப்பிப் பயறும் தின்னும்தானே? பார்க் எக்ஸ்டென்ஷனில் இருக்கும் நம்மவர் கடைக்கு ஓடினேன். கடையில் சமைக்க விற்கும் கௌப்பியை வாங்கி, ஈரத்துணியில் கட்டி முளைக்கிறதா என்று பார்த்தேன். முளைத்தது! றெஜான் ஒரு கொட்டையை எடுத்து உருட்டிப் பார்த்து, தெற்கே அமெரிக்காவில் மானுக்கு இதைத்தான் விதைப்பார்கள் என்று வாசித்திருக்கிறேன், ஆனால் இங்கே குளிருக்கு நிற்குமோ தெரியாது, போட்டுப் பார் என்றார்.

ஜூன் மாதம் விதைத்தோம். குளோவரை வீசி விதைக்க வேண்டும் என்றார்கள், வீசினேன். ஆனால் கௌப்பியை வீச எனக்கு மனம் வரவில்லை. கயிறு கட்டி, வரிசை பிடித்து, சாண் இடைவெளி விட்டு ஊன்றினேன். மானுக்கு வரிசை தெரியுமா என்று புவனம் கேட்டாள். எனக்குத் தெரியுமே என்றேன்.

4

முளை வந்தது. ஒவ்வொரு இரண்டாம் நாளும் நான் அங்கே போனேன். இரட்டை இலை, பிறகு மூன்று இலை. புவனத்துக்கு ஒவ்வொரு இலையையும் படம் பிடித்து அனுப்பினேன். அவள் கட்டைவிரல் படத்தைத் திருப்பி அனுப்பினாள், பிறகு அதையும் அனுப்பாமல் விட்டாள்.

ஒரு காலை போய்ப் பார்க்கிறேன், முதல் இரண்டு வரிசைக் கௌப்பியிலும் குருத்தைக் காணவில்லை. யாரோ கத்தரிக்கோலால் நறுக்கியதுபோல மொட்டைத் தண்டு நிற்கிறது. பெற்ற பிள்ளைக்கு யாரோ அடித்துவிட்டதுபோலக் கோபம். அந்தக் கோபத்தில் நான் யோசிக்கவில்லை. காரை எடுத்துக்கொண்டு நேரே கடைக்குப் போனேன்.

வேலி என்றால் என்ன என்பதை யாழ்ப்பாணத்தில் பிறந்தவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. என் பெரியப்பாவுக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஒரு கிளுவங்கதியாலை, ஒரே ஒரு வேலிக்கம்பை, அரை அடி தள்ளி நட்டதற்காகப் பேச்சு நின்றது. பெரியப்பாவின் செத்த வீட்டன்றும் அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு அப்பால் நின்றுதான் தலை குனிந்தார். ஒரு பயிர் நிலத்துக்கு மேல் எழும்பினால் அதைச் சுற்றி வேலி வர வேண்டும். இது எங்களுக்கு எவரும் சொல்லித் தந்ததில்லை. பசித்தால் கை வாய்க்குப் போவதுபோல, பயிர் கண்டால் கை வேலிக்குப் போகும்.

நல்ல உயரமான கம்புகள், கறுப்பு வலை, கம்பி எல்லாம் வாங்கினேன். புவனம் கம்பைப் பிடிக்க, நான் அடித்தேன். எட்டுப் பரப்பையும் சுற்றி ஒரு பூனை நுழைய இடமில்லாமல் கட்டினேன். முதுகு விட்டுப் போனது. கட்டி முடித்துத் தூர நின்று பார்த்தபோது இருந்த திருப்தி இருக்கிறதே! புவனமும், "வடிவாத்தான் இருக்கு" என்றாள். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: அவளும் சேர்ந்துதான் கட்டினாள். ஊரைக் கூட்டிச் சிரிக்கிறவளுக்கும் அன்று ஒன்றும் தோன்றவில்லை. றெஜான் அந்த நாட்களில் தம்பி வீட்டுக்குப் போயிருந்தார், இல்லாவிட்டால் அவராவது தடுத்திருப்பார்.

ஜூலைக் கடைசியில் அபி வந்தாள். மானைப் படம் பிடித்துக் கைத்தொலைபேசிக்கு அனுப்பும் கமரா ஒன்றைக் காட்டில் பூட்டுவதற்காக வந்தாள். காரை விட்டிறங்கி, கமராப் பெட்டியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

"அப்பா, இது என்ன?"

"வேலி. எப்பிடி இருக்கு?"

"ஆருக்கு?"

"மானுக்குத்தான். விட்டா எல்லாத்தையும் தின்..."

வாய் பாதியில் நின்றுவிட்டது. கௌப்பி உள்ளே முழங்கால் உயரத்துக்குத் தளதளவென்று நின்றது. குளோவர் பூத்திருந்தது. வலைக்கு வெளியே ஈர மண்ணில், வேலியைச் சுற்றிச் சுற்றி, குளம்புத் தடம்.

புவனம் நிலத்தில் இருந்துவிட்டாள். சிரிப்பில் அவளுக்கு மூச்சு வரவில்லை. நானும் சிரித்திருப்பேன். ஆனால் அபி சிரிக்கவில்லை. குனிந்து தடங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவு நாளும் வந்து வந்து பாத்திருக்குதுகள், அப்பா. இனி வேற இடம் பழகியிருக்கும். பழகினா லேசில திரும்பாது."

"இப்பவே கழட்டுவம்."

"கழட்டுவம். ஆனா எனக்குத் தெரியேல்ல." பிறகு தயங்கி, "ஊத்தவேக்காரர் திரும்பவும் கேட்டவை" என்றாள்.

கதியால் தள்ளி நட்ட சண்டையில் கூட யாரும் இவ்வளவு இழந்திருக்க மாட்டார்கள். மூவரும் சேர்ந்து, கட்டிய வேலியை அன்று பொழுது படுவதற்குள் பிடுங்கினோம்.

5

றெஜான் திரும்பி வந்து கதையைக் கேட்டபோது தொடையில் தட்டிச் சிரித்தார். சிரித்து முடித்ததும் ஒரு நியாயமும் சொன்னார். சின்னத் துண்டில் அவரை இனத்தை விதைத்தால் மான் முளையிலேயே தின்று தீர்த்துவிடுமாம், வேலி இருந்ததால் தப்பி வளர்ந்தது, இனிக் கடித்தாலும் தழைக்கும் என்றார். எனக்கு உயிர் வந்தது. பிறகு தோட்டத்தின் நடுவில் வலையை வளையமாகச் சுருட்டி, ஒரு கூடை அளவுக்கு நிறுத்தச் சொன்னார். உள்ளே இருப்பதை மான் தொட முடியாது. உள்ளேயும் வெளியேயும் உயரம் ஒரே அளவாக இருந்தால் மான் வரவில்லை. வெளியே குட்டையாக இருந்தால் மான் தின்கிறது.

ஆகஸ்ட் முழுவதும் உள்ளேயும் வெளியேயும் ஒரே உயரம்.

வேலி பிடுங்கிய கையோடு டேர்னிப்பும் முள்ளங்கியும் விதைத்திருந்தோம். மழை அளவாகப் பெய்தது. இலை விரிந்தது. கமராவில் முயல் வந்தது, நரி வந்தது, றெஜான் வந்து கமராவுக்குக் கை காட்டிவிட்டுப் போனார். மான் மட்டும் வரவில்லை. பள்ளிக்கூடம் தொடங்கி நான் பஸ்ஸுக்குத் திரும்பினேன். காலை ஓட்டம் முடிந்து பஸ்ஸை நிறுத்தியதும் முதல் வேலை கைத்தொலைபேசியைப் பார்ப்பது. வெறும் புல், வெறும் மழை. அபியிடமிருந்தும் ஒன்றுமில்லை. நான் கேட்கவும் பயந்தேன்.

செப்டெம்பர் நடுப்பகுதியில் ஒரு சனிக்கிழமை. வளையத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தேன். உள்ளே குளோவர் கணுக்கால் உயரம், வெளியே தரையோடு தரை. கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன். கௌப்பிப் பக்கம் ஓடினேன். நுனி நுனியாகக் கடித்திருந்தது! கமரா பார்க்காத மூலையால் வந்து போயிருக்கிறது. நான் அந்த வெளியில் தனியாக நின்று கத்தினேன். றெஜான் எனக்கு ஏதோ ஆபத்து என்று நினைத்து உழவு இயந்திரத்தோடு ஓடி வந்தார். "தின்கிறது! தின்கிறது!" என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடிந்தது.

கமராவை அந்த மூலைக்குத் திருப்பினோம். அதற்குப் பிறகு ஓய்வில்லை. பெண் மான், கூடவே குட்டி. பிறகு இன்னொன்று. முதல் உறைபனியில் கௌப்பி கருகிச் செத்தது, ஆனால் டேர்னிப் இலை இனித்துவிட்டது போலும், கூட்டமாக வந்தன. ஒரு நாள் பெரிய கொம்பன் ஒன்று வந்தான். கொம்பில் ஒரு கிளை ஒடிந்திருந்தது. மற்றவற்றைத் தள்ளிவிட்டு நடுவில் நின்றுதான் தின்பான். சண்டியன் என்று பெயர் வைத்தேன்.

அந்த நாட்களில் புரோசார்டில் ஒரு கலியாண வீட்டுக்குப் போனோம். மேசையில் எல்லாரும் பேரப்பிள்ளைகளின் படம் காட்டினார்கள். நான் சண்டியனின் படம் காட்டினேன். புவனம் மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாள்.

எல்லாப் படங்களையும் அபிக்கும் அனுப்பியிருந்தேன். செப்டெம்பர் கடைசி நாள் அவளிடமிருந்து ஒரே ஒரு வரி வந்தது. பிரெஞ்சில்தான். நவம்பர் அங்கேதான், ஊத்தவே இல்லை. நான் பஸ்ஸுக்குள் தனியாக இருந்து அதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

6

வேட்டைக் காலம் இந்த முறை கந்தசஷ்டியோடு வந்து விழுந்தது. நான் வருடாவருடம் விரதம் பிடிக்கிறவன். மற்ற நாட்களில் ஆட்டிறைச்சிக் கறி என்றால் இரண்டாம் தரம் சோறு கேட்கிறவன்தான், என்னைப் புனிதனாக்க வேண்டாம். ஆனால் அந்த ஆறு நாளும் பாலும் பழமும்தான்.

புவனம் வழியை மறித்தாள். "இஞ்சாருங்கோ, விரதத்தோட துவக்குக்குப் பக்கத்தில போய் இருக்கப் போறியளோ? வள்ளியம்மன் மானின்ர வயித்தில பிறந்தவ. நினைவிருக்கோ?"

"பிறந்தது மானிட்ட. வளந்தது வேடரின்ர வீட்டிலயெல்லோ" என்றேன்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு போய்ப் பால் காய்ச்சிப் போத்தலில் விட்டுத் தந்தாள். வேட்டைக்காரரோடு போகிறவர்களும் செம்மஞ்சள் மேலங்கி போட வேண்டும் என்பது இங்கே சட்டம். அதைப் போட்டுக்கொண்டு திருநீற்றோடு நின்ற என்னைப் பார்த்து, "சரி, காவியும் கட்டியாச்சு" என்றாள். பிறகு, வாசலில், "வெடிச் சத்தம் கேட்டா எனக்குச் சொல்லாதையுங்கோ" என்றாள். அதைச் சிரிக்காமல் சொன்னாள்.

நான் வருவேன் என்று அபி எதிர்பார்த்திருக்கவில்லை. "அப்பா, கதைக்கக் கூடாது. இருமக் கூடாது. அசையக் கூடாது. ஏலுமோ?" என்று கேட்டாள். ஏலும் என்றேன். கிட்ட வந்து மோந்து பார்த்தாள். "கோயில் மணக்கிறியள்." நல்ல வேளை, காற்று தோட்டத்தில் இருந்து எங்கள் பக்கமாக அடித்தது.

காட்டு ஓரத்தில் பலகையால் அடித்த ஒரு சின்னப் பெட்டி, ஒரு யன்னல், இரண்டு கதிரை. விடியத் தொடங்கியிருந்தது. தோட்டத்தில் வெண்பனி படிந்து, டேர்னிப் இலைகள் மட்டும் பச்சையாகத் தெரிந்தன. என் தோள் அவள் தோளில் பட இருந்தேன். இவள் பள்ளிக்கூடம் போன காலத்துக்குப் பிறகு நாங்கள் இருவரும் இவ்வளவு நேரம் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததில்லை. கேட்க எனக்கு எவ்வளவோ இருந்தது. ஆனால் கதைக்காமல் இருந்ததே நன்றாக இருந்தது. எனக்குக் குளிர்வதைக் கண்டு, தன் கம்பளியில் பாதியை என் மடியில் போட்டாள்.

கொஞ்ச நேரத்துக்குப் பிறகு அவளே குசுகுசுத்தாள். "அப்பா, ஊரில மான் இருந்ததோ?"

"எங்கட பக்கம் இல்லை, பிள்ளை. ஆடுதான்."

"ஆட்டுக்கும் வேலி போட்டியளோ?"

"சத்தம் போடாதை. மான் வரும்" என்றேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

முதலில் பெண் மானும் குட்டியும் வந்தன. குட்டி முள்ளங்கியை இழுத்துப் பார்த்துத் தோற்று, இலையைத் தின்றது. அபி அசையவில்லை. அவளிடம் இருந்தது கொம்பனுக்கான அனுமதி. பிறகு காட்டின் விளிம்பில் ஒரு மரக்கொப்பு நகர்ந்தது. கொப்பு இல்லை, கொம்பு. சண்டியன்!

கமராவில் பார்த்ததெல்லாம் ஒன்றுமில்லை. எவ்வளவு பெரியவன்! மூக்கிலிருந்து ஆவி பறக்க, ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து, நேரே டேர்னிப்புக்குள் வந்தான். அபி மெல்லத் துவக்கை உயர்த்தினாள். அவள் மூச்சு நின்றது எனக்குக் கேட்டது. சண்டியன் குனிந்தான். ஒரு கிழங்கை மண்ணோடு பிடுங்கினான். கடித்தான். அந்தக் கடியின் சத்தம், நறுக்கென்று, எங்கள் பெட்டி வரை வந்தது. நான் சுண்ணாம்பு கொட்டி, நான் உழுவித்து, நான் விதைத்த கிழங்கு!

"தின்னுது பிள்ளை! தின்னுது!"

கத்தியது நான்தான். சத்தியமாகச் சொல்கிறேன், அதைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைக்கவில்லை. விரதமும் நினைவில் இல்லை, வள்ளியம்மனும் இல்லை. சந்தோஷம் தாங்காமல் வாய் தன் பாட்டில் திறந்துவிட்டது. வெள்ளை வால் ஒரு முறை மேலே தெரிந்தது. அதற்குப் பிறகு தோட்டத்தில் ஒன்றுமில்லை. குட்டியும் இல்லை, தாயும் இல்லை.

அபி துவக்கை இறக்கினாள். குண்டுகளை வெளியே எடுத்தாள். என்னைப் பார்க்கவில்லை. கதவைத் திறந்து இறங்கி, தோட்டத்தின் நடுவுக்குப் போய், அந்தக் கடித்த கிழங்குக்குப் பக்கத்தில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். நான் கம்பளியை மடித்தேன், பால் போத்தலைப் பைக்குள் வைத்தேன். எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். நாளைக்கே இவள் ஊத்தவேக்குப் போய்விடுவாள், போனால் அவளைக் குறை சொல்லவும் ஏலாது. வசந்தி, எனக்கு அழுகை வந்தது.

அவள் திரும்பி நடந்து வந்தாள். கையில் அந்தக் கிழங்கு. சண்டியனின் பல் பதிந்த பக்கத்தைப் பெருவிரலால் தடவிக்கொண்டு வந்தாள். யன்னலுக்கு முன்னால் வந்து நின்றாள். முகம் கோபத்தில் சிவந்திருந்தது, உண்மையான கோபம்.

"அப்பா, அடுத்த வருசம் உங்கட வாய்க்குப் பிளாஸ்டர் ஒட்டித்தான் நான் கூட்டிக்கொண்டு வருவன்."

அடுத்த வருசம். கூட்டிக்கொண்டு வருவாளாம்.

எனக்கு மறுபடியும் கத்த வேண்டும்போல இருந்தது. இரண்டு உதட்டையும் இறுக்கி மூடிக்கொண்டு, தலையை மட்டும் ஆட்டினேன்.